எல்லாம் சிவப்பு எண்ணெய்தானே

கடைக் கவுன்டரில் இருந்தவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “உங்கள் கணவரிடம் என்ன வண்டி இருக்கிறது?” என்பது. 2014 ஜூன் மாதம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் இருந்த உதிரிபாகக் கடை அது. நான் கேட்டது 1968ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான எண்ணெய். ‘டைப் எஃப்’ என்று பெயர் சொல்லித்தான் கேட்டேன். அவர் வேறொரு குப்பியை எடுத்து வைத்தார். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று அதன் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. “இதைப் போட்டால் போதும். எல்லாம் சிவப்பு எண்ணெய்தானே” என்றார்.

இந்தப் பதில் எனக்குப் புதிதல்ல. அப்பாவுக்கு நாமக்கல்லில் லாரி கியர் பாக்ஸ் பட்டறை. பள்ளி விடுமுறையில் அவருக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டு உடனே திரும்ப வேண்டும், ஆனால் நான் திரும்ப மாட்டேன். டீசல், கிரீஸ், பனியன் வேஸ்ட், சூடான கியர் எண்ணெயின் கந்தக நாற்றம் எல்லாம் எனக்குப் பிடிக்கும். ஒருநாள், கியர் பாக்ஸுக்குத் தொண்ணூறு ஆயிலும் டிஃபரன்ஷியலுக்கு நூற்று நாற்பது ஆயிலும் ஏன் ஊற்றுகிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். “எல்லாம் ஆயில்தான் கண்ணு. நீ போய்ப் படி” என்றார். அடுத்த வாரம் அதே கேள்வியைத் தம்பி கேட்டான். அவன் விரலை இரண்டு டப்பாவிலும் முக்கச் சொல்லி, எது கெட்டி, எது இளகல், எந்த இடத்தில் பளு அதிகம் என்று அப்பா கால் மணி நேரம் விளக்கினார். நான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது. வயசுக்கு வந்த பிறகு பட்டறைக்குப் போவதும் நின்றது. “பொம்பளப் புள்ள கையில கிரீஸ் எதுக்கு?” என்று அம்மா கேட்டார். அதற்கும் யாரிடமும் பதில் எதிர்பார்க்கவில்லை.

பி.எஸ்ஸி. வேதியியல் படித்தேன். தம்பிக்குப் பட்டறை, எனக்குக் கல்யாணம். 2010இல் மிச்சிகன் வந்தேன். என் கடவுச்சீட்டில் ஒட்டியிருந்தது எச்-4 விசா. வேலைக்கு வந்தவரின் மனைவி என்பதற்காகக் கிடைக்கும் விசா அது. அதை வைத்துக்கொண்டு நாட்டில் இருக்கலாம், படிக்கலாம், சமைக்கலாம். வேலை மட்டும் பார்க்கக் கூடாது. எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும் கணவரின் எண்ணை எழுதிய பிறகுதான் என் பெயருக்கு வருவேன்.

பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா இருந்தார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு வருடம் ஆனது. எழுதினால் பெயரைப் போடாதே என்று சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தவர். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் வீட்டுக் கார் கொட்டகையில் போர்வை மூடி நின்றதுதான் அந்த மஸ்டாங். ஜிடி வகை, 390 கன அங்குல எஞ்சின். நம் கணக்கில் 6.4 லிட்டர். நம் ஊர் சின்னக் கார்களின் எஞ்சின் ஐந்தாறைச் சேர்த்தால் வரும் அளவு.

எல்லோரும் அதை ‘அவருடைய கணவரின் கார்’ என்றே சொன்னார்கள். பதிவுப் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் காபி குடிக்கும்போது அந்த அம்மா சொன்னார்: “1971இல் அதை நான் வாங்கினேன். முன்பணம் என் சம்பளம். மாதத் தவணையும் என் சம்பளம். வங்கி என் பெயரில் கடன் தர மறுத்தது. கணவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் கையெழுத்துப் போட்டார், கார் அவருடையது ஆகிவிட்டது.” கடன் கொடுப்பதில் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் 1974இல்தான் வந்தது. கேட்டதும் எனக்கு என் விசாத்தாள் ஞாபகம் வந்தது.

அந்த வருட வசந்தத்தில் அவருடைய மகன் காரை விற்க ஏற்பாடு செய்தார். விற்கும் முன் எல்லா எண்ணெயையும் மாற்றிக்கொடுக்கும்படி ஒரு பட்டறையில் விட்டார். திரும்பி வந்த கார் பழைய காராக இல்லை. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் உறுமும், வண்டி ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் இழுக்கும். “முன்பெல்லாம் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மாறும்” என்றார் அந்த அம்மா. மகனின் நண்பர்கள் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். கியர் பாக்ஸ் போய்விட்டது, இந்த நிலையிலேயே பாதி விலைக்குத் தள்ளிவிடலாம் என்றார்கள். எண்ணெய் என்ன போட்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த அம்மா கேட்டார். “அது பிரச்சினை இல்லை, எல்லாம் ஒன்றுதான்” என்றார்கள்.

அன்று மாலை ரசீதை எடுத்துவரச் சொன்னேன். 12 குவார்ட், பல வண்டிகளுக்குப் பொருந்தும் எண்ணெய் என்று இருந்தது. கொட்டகையின் அலமாரியில் பழைய பழுதுபார்ப்புக் கையேடும் இருந்தது. இரண்டையும் சமையல் மேசையில் விரித்து வைத்தோம். நான்கு வருடத்தில் முதல் தடவையாக என் வேதியியல் எனக்குத் தேவைப்பட்டது.

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குள், காகிதம் போன்ற உறை ஒட்டிய வட்டத் தட்டுகளும் வெறும் எஃகுத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். கியர் மாறும்போது எண்ணெயின் அழுத்தம் அந்த அடுக்கை நெருக்கும். வழுக்கிக்கொண்டிருந்த தட்டுகள் ஒன்றையொன்று பற்றி ஒரே வேகத்தில் சுற்றத் தொடங்கும். இவ்வளவும் எண்ணெயில் நனைந்தபடியே நடக்கிறது. ஆகவே இந்த எண்ணெய்க்கு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகள். பல்சக்கரங்கள் தேயாமல் வழுக்கிக் கொடுக்க வேண்டும். தட்டுகள் பற்றிக்கொள்ளவும் விட வேண்டும். எவ்வளவு வழுக்கல், எவ்வளவு பிடி என்பதில்தான் கம்பெனிகள் பிரிந்தன.

ஜெனரல் மோட்டார்ஸ் தன் எண்ணெயில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களைக் கலந்தது. தட்டுகள் கடைசி நொடியில் மெதுவாகப் பற்றும், கியர் மாறுவதே தெரியாது. 1967–68 வாக்கில் வந்த டெக்ஸ்ரான் இந்த வழியில் வந்தது. ஃபோர்டு எதிர்த்திசையில் போனது. 1967இல் அது வகுத்த எம்2சி33-எஃப் என்ற தரத்தில் அந்தச் சேர்மானம் இல்லை. அதைத்தான் டைப் எஃப் என்கிறார்கள். தட்டுகளின் வேக வித்தியாசம் குறையக் குறையப் பிடி கூடும், சட்டென்று பூட்டிக்கொள்ளும். முதுகில் விழும் அந்தத் தட்டு இதனால்தான். இந்த மஸ்டாங்கில் இருந்த சி6 என்ற மூன்று வேகக் கியர் பாக்ஸ் இந்தப் பிடியை நம்பிக் கட்டப்பட்டது. அதில் வழுக்கும் எண்ணெயை ஊற்றினால் தட்டுகள் பற்ற வேண்டிய நேரத்தையும் தாண்டி உரசிக்கொண்டே இருக்கும். சூடு ஏறும், உறை கருகிப் பளபளப்பாகிவிடும், பிறகு எந்த எண்ணெயும் பற்றாது. தப்பு எதிர்த்திசையிலும் நடக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டியில் டைப் எஃப் ஊற்றினால் கியர் முரட்டுத்தனமாக இடிக்கும்.

இரண்டு எண்ணெய்க்கும் சிவப்புச் சாயமே கலக்கிறார்கள். ஒழுகினால் எஞ்சின் ஆயில் இல்லை என்று அடையாளம் தெரிவதற்காகத்தான் அந்தச் சாயம். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கவுன்டரில் இருந்தவர் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொன்னார். குப்பியைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

மென்மையாக மாறும் கியருக்கு ஒரு பழைய விலை உண்டு. 1957இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் தரத்து எண்ணெயில் உராய்வைக் குறைக்கச் சேர்த்தது எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய். அந்தத் திமிங்கிலத்தை அமெரிக்க அரசு 1970இல் அழியும் நிலையில் உள்ள உயிர் என்று அறிவித்தது. 1973இல் வந்த சட்டம் இன்னும் இறுக்கியது. வேறு வழியே இல்லை என்று சொல்லிவந்த தொழில், சட்டம் வந்ததும் வேறு வழி தேடிக் கண்டுபிடித்தது. காரில் உட்கார்ந்திருப்பவருக்குக் குலுக்கல் தெரியாமல் இருக்க, கடலில் ஏதோ ஓர் உயிர் செலவாகிக்கொண்டிருந்தது. இதைப் படித்த ராத்திரி அம்மாவை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் எப்போதும் எல்லாம் அலுங்காமல் நடந்தது. அப்பாவின் கோபம், பாட்டியின் குத்தல், கடன்காரர் வரும் நாள் எதுவும் வெளியே சத்தமாகக் கேட்டதில்லை. “அனுசரிச்சுப் போயிரணும்” என்று அம்மா எனக்குச் சொல்லி அனுப்பியது அந்த வேலையைத்தான்.

பெண் மென்மையாக இருக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மனிதர்கள் கியர் பாக்ஸ் இல்லை, யாரும் இதற்கென்று வார்க்கப்பட்டு வருவதில்லை. எந்த இடத்தில் பிடி வேண்டும் என்று கேட்காமலேயே எல்லாருக்கும் ஒரே குப்பியை நீட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

அந்தக் கடையில் குப்பியைத் திருப்பிக் காட்டினேன். பின்பக்கச் சிறிய எழுத்துப் பட்டியலில் டைப் எஃப் இல்லை. அவர் படித்தார், ஒன்றும் பேசாமல் உள்ளே போய் டைப் எஃப் கொண்டுவந்தார். அது அந்த யுனிவர்சல் எண்ணெயைவிட விலை குறைவு.

ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினோம். வண்டியைத் தாங்கிகளில் ஏற்றி, அடித்தட்டின் போல்ட்டுகளை ஒரு மூலையிலிருந்து தளர்த்தினோம். எண்ணெய் என் முழங்கை வரை வழிந்தது. அதை வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். சிவப்பின் ஓரத்தில் பழுப்பு வளையம், இலேசான கருகல் வாடை. ஆனால் தட்டின் அடியில் உறைத் துகள் அதிகம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. அடித்தட்டைக் கழற்றினால் வருவது பாதிக்கும் குறைவான எண்ணெய். மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். பட்டறைக்காரர்கள் பலர் அதை விட்டுவிடுவார்கள், அந்தக் காலத்து ஃபோர்டில் அதற்கும் ஒரு வடிகால் திருகு உண்டு. கையேட்டில் பார்த்து அதையும் திறந்தோம். வடிகட்டியையும் அடித்தட்டு கேஸ்கெட்டையும் மாற்றினோம். எண்ணெயை ஒரேயடியாக ஊற்றக் கூடாது. ஐந்து குவார்ட் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர் நெம்புகோலை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய், டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து மீதியை ஊற்ற வேண்டும். கூடிப்போனால் எண்ணெய் நுரைக்கும், நுரைத்தால் அழுத்தம் போய்விடும். மொத்தம் சுமார் 12 லிட்டர் பிடித்தது. இரண்டு வாரம் ஓட்டிவிட்டு, பழைய எண்ணெயின் மிச்சமும் போகட்டும் என்று இன்னொரு முறை மாற்றினோம்.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை. முதல் நாள் கொஞ்சம் தேறியது. இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகுதான் மூன்றாவது கியர் முதுகில் தட்டியது. அந்த அம்மா ஸ்டியரிங்கை ஒரு கையால் தட்டிச் சிரித்தார். குளிர்ந்த காலையில் ரிவர்ஸ் கியர் விழ இன்றும் ஒரு நொடி தாமதிக்கிறது. “எனக்கும் காலையில் அப்படித்தான்” என்பார். காரை விற்கவில்லை. பதிவு இப்போது அவர் பெயரில் இருக்கிறது.

2015 மே மாதம் முதல், கணவரின் பச்சை அட்டை விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் எச்-4 விசாவில் இருப்பவரும் வேலை அனுமதி கேட்கலாம் என்று விதி வந்தது. விண்ணப்பித்தேன், கிடைத்தது. இப்போது வேறொரு உதிரிபாகக் கடையின் கவுன்டரில் நிற்கிறேன். கணவர் வேலை பார்க்கும் கம்பெனி நண்பர்களிடம் இதைச் சொல்ல அவருக்கு முதலில் கொஞ்சம் கூச்சம். எனக்கு இல்லை.

பழைய வேகக் கார் வைத்திருப்பவர் எண்ணெய் கேட்டு வந்தால் நான் முதலில் காரின் பெயரைக் கேட்பதில்லை. கியர் பாக்ஸ் எது, எந்த வருடம் என்று கேட்பேன். அதே சி6 பெட்டிக்கே 1977 வாக்கிலிருந்து ஃபோர்டு வேறு எண்ணெயைச் சொன்னது. அடுத்து, யாராவது பிரித்து உள்தட்டுகளை மாற்றியிருக்கிறார்களா என்று கேட்பேன். மாற்றியிருந்தால் மாற்றியவர் சொல்லும் எண்ணெய்தான் சரி, கையேடு இல்லை. அப்புறம் குப்பியைத் திருப்பி, அவர்களுக்கான தரத்தின் எண் இருக்கிறதா என்று அவர்களையே படிக்கச் சொல்வேன். இன்றைய எண்ணெய்கள் பல மிக இளகலானவை. புதியது, விலை கூடியது என்பதற்காக அவை ஐம்பது வருடப் பெட்டிக்குப் பொருந்திவிடாது.

கையால் கியர் போடும் பழைய கார்களில் சிக்கல் வேறு. கியர் விழும்போது இரண்டு சக்கரங்களின் வேகத்தைச் சமன் செய்யப் பித்தளை வளையங்கள் இருக்கும். ஜிஎல்-5 தர எண்ணெயில் பெரும்பளுவைத் தாங்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். பின்சக்கர டிஃபரன்ஷியலுக்கு அது அவசியம். ஆனால் சில ஜிஎல்-5 எண்ணெய்களின் கந்தகம் சூட்டில் பித்தளையை அரிக்கும். அரிக்காவிட்டாலும் வளையம் பற்ற முடியாமல் வழுக்கிக் கியர் கரகரக்கும். அதனால் அந்தப் பெட்டிகளில் பலவற்றுக்கு ஜிஎல்-4தான் சொல்லியிருப்பார்கள். ஐந்து நான்கைவிடப் பெரியது, ஆகவே மேலானது என்று நினைத்து ஊற்றிக் கெட்டுப்போன பெட்டிகள் நிறைய.

இதையெல்லாம் பெண்களுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பெர்தா பென்ஸைச் சொல்வேன். ஜெர்மனியில், கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தை வாங்கிக் கார்ல் பென்ஸின் தொழிலில் போட்டவர் அவர். 1886இல் காருக்கான காப்புரிமை கணவர் பெயரில் வந்தது. 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் காரை ஓட்டிப்போனார். வழியில் எரிபொருள் குழாயின் அடைப்பைத் தொப்பி ஊசியால் நீக்கினார். மரப் பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அவற்றின்மேல் தோல் ஒட்டவைத்தார். மேட்டில் வண்டி ஏறவில்லை, இன்னொரு கியர் வேண்டும் என்று வந்து சொன்னார். எங்கே பிடி வேண்டும், எங்கே கியர் வேண்டும் என்பதை ஓட்டிப்பார்த்துச் சொன்ன ஆள் ஒரு பெண்.

டெட்ராய்டின் வுட்வர்ட் சாலையில் 1995 முதல் ஆகஸ்ட் மாதத்தில் பழைய கார்கள் ஊர்வலம் போகின்றன. அந்த அம்மா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போவோம். நிறுத்தும் இடத்தில் ஆண்கள் வந்து பின்னிருக்கையில் இருக்கும் என் கணவரிடம் கேட்பார்கள், “கியர் பாக்ஸுக்கு என்ன எண்ணெய் போடுகிறீர்கள்?” என்று. அவர் இப்போதெல்லாம் கையை எங்கள் பக்கம் காட்டிவிடுகிறார்.

போன வருடம் நாமக்கல்லுக்குப் போன் பேசும்போது அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பட்டறையைத் தம்பி மூடிவிட்டான். அப்பா வீட்டில்தான் இருக்கிறார். சிவப்பு எண்ணெய், திமிங்கிலம் எல்லாம் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“யாரு மாத்துனது?”

“நான்தாம்ப்பா. நானும் பக்கத்து வீட்டு அம்மாவும்.”

மறுபடியும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, பட்டறை ஆளிடம் கேட்கிற குரலில் கேட்டார்:

“ஃபில்டர மாத்துனியா கண்ணு?”